புதுப்பிப்பு: நெக்ஸ்ட்கிளவுட் பராமரிப்பு நேரத்துக்கு 1 வேண்டாம், 20 போடுங்கள்

சொந்த சர்வரில் ஓடும் நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகளைச் சேமித்துப் பகிரும் மென்பொருள்) காலை வேளையில் திணறுவதைத் தவிர்க்க, கான்ஃபிக் கோப்பில் 'மெயின்டெனன்ஸ் விண்டோ ஸ்டார்ட்' (கனமான பின்னணி வேலைகளுக்கான 4 மணி நேரம் எப்போது தொடங்கும் என்பது) மதிப்பை 1 என்று வைக்கச் சொல்லியிருந்தேன். அது இந்திய நேரத்துக்குப் பொருந்தாது. அந்த எண் யூடிசி மணி, அதாவது நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம். சர்வரின் டைம்ஸோனை அது பார்ப்பதில்லை. 1 என்றால் நமக்குக் காலை 6:30 முதல் 10:30 வரை, சரியாக எல்லாரும் உள்ளே வரும் நேரம். 20 வைத்தால் அதிகாலை 1:30 முதல் 5:30 வரை. எண்ணை மேற்கோள்குறி இல்லாமல் எழுதுங்கள்.

இந்தப் பின்னணி வேலைகளை ஓட்டும் கிரான் (சர்வரில் குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கருவி) 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். கிரானுக்குப் பதில் ஏஜாக்ஸ் முறையில் விட்டிருந்தால் யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் வேலை நடக்கும். நள்ளிரவில் யார் திறப்பார்கள்?

பேக்கப்பையும் இதே நேரத்தில் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். பேக்கப்புக்காகத் தளத்தை மூடிவைக்கும் பராமரிப்பு நிலை ஆனில் இருக்கும்வரை கிரான் எதையும் செய்யாது. பேக்கப் 3 மணி நேரம் இழுத்தால் பின்னணி வேலைகளுக்கு மிஞ்சுவது 1 மணி நேரமே. அதனால் பேக்கப்பை நள்ளிரவு 12 மணிக்கே தொடங்கிவிடுவது நல்லது. ஸ்கிரிப்ட் பாதியில் செத்தாலும் பராமரிப்பு நிலை ஆஃப் ஆகும்படி, பாஷ் ஸ்கிரிப்டில் 'டிராப்' கட்டளையை (ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் சொன்னதைச் செய்துவிட்டுப் போகும்) எக்ஸிட்டுடன் கட்டாயம் சேருங்கள். இல்லையென்றால் விடிந்தும் தளம் மூடியே கிடக்கும்.