கூலண்டில் என்ஜின் ஆயில் கலக்கிறது: ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 600 சிசி, நான்கு சிலிண்டர் கொண்ட பழைய ஜப்பானிய பைக். சில நாட்களாகக் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) தொட்டியில், ஆறிப்போன டீயின் மேல் படியும் ஏடு போல ஒரு பழுப்புப் படலம் மிதக்கிறது. ரேடியேட்டர் மூடியின் அடிப்பக்கத்தை விரலால் வழித்தால் கொழகொழவென்று வருகிறது. ஆனால் என்ஜின் ஆயில் சுத்தமாக இருக்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியில் (சைட் கிளாஸ்) பால் நிறமே இல்லை. என்ஜின் அதிகம் சூடாகவில்லை, வெள்ளைப் புகை இல்லை, இழுவையும் குறையவில்லை. மெக்கானிக் பார்த்தவுடன் "ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்கிறார். பிரிப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேறு ஏதாவது உண்டா?

பதில்

முதலில் அது ஆயில்தானா என்று உறுதி செய்யுங்கள். இரண்டு வகைக் கூலண்டை ஒன்றாக ஊற்றினாலும் இப்படிக் கூழாகத் திரளும். கசிவை அடைக்கும் பொடி போட்டிருந்தாலும் பழுப்பாகும். வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். ஆயில் என்றால் தாள் காய்ந்த பிறகும் ஒளி ஊடுருவும் கறை நிற்கும். இன்னொன்று, என்ஜின் நன்றாக ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும்.

கேட்டவர்

செய்தேன் அண்ணா. கறை அப்படியே நிற்கிறது. ஆயில்தான்.

பதில்

தம்பி, வண்டியை இனி ஓட்டாதே. அடுத்து, கசிவு எந்தத் திசையில் போகிறது என்று கவனி. என்ஜின் ஓடும்போது ஆயில் வழியில் பல பார் அழுத்தம் இருக்கும். கூலண்ட் பக்கம் ரேடியேட்டர் மூடி விடுகிற அளவுதான், பெரும்பாலும் 1.1 பார் ஒட்டி. ஆகவே அழுத்தமுள்ள ஆயில் பாதைக்கும் நீர்ப் பாதைக்கும் நடுவே ஓட்டை விழுந்தால் ஆயில்தான் நீருக்குள் போகும். உன் வண்டியில் நடப்பது அதுதான்.

அப்படி இரண்டு பாதைகளும் நெருங்கும் இடங்கள் சிலவே. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுக்கு ஆயில் ஏறும் துளை ஹெட் கேஸ்கெட்டைக் கடக்கும் இடம் ஒன்று. ஹெட்டில் விரிசல் இன்னொன்று. மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் வட்டமாக ஒரு ஆயில் கூலர் இருக்கிறதா, அதில் இரண்டு கூலண்ட் ஹோஸ் வந்து சேர்கின்றனவா என்று பார். இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். உள்ளே மெல்லிய தகடுகளின் ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் நீர். கூலண்டை வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் தகடு அரித்து ஊசித்துளை விழுந்துவிடும். அதைக் கழற்ற ஃபில்டரையும் நடு போல்ட்டையும் எடுத்தால் போதும். ஹெட்டைத் தொடவே வேண்டாம்.

மற்றொருவர்

வாட்டர் பம்ப் சீலாக இருக்கக் கூடாதா?

பதில்

பம்ப் ஷாஃப்டில் நீருக்கு ஒரு சீல், ஆயிலுக்கு ஒரு சீல். நடுவில் வெளியே வடியும் சிறு துளை உண்டு. சீல் போனால் முதலில் அந்தத் துளையில் சொட்டும். துளை அடைத்து இரண்டு சீலும் போயிருந்தால் கலக்கலாம். ஆனால் அங்கே ஆயில் பக்கம் அழுத்தம் இல்லாததால், பெரும்பாலும் நீர்தான் ஆயிலுக்குள் போய் ஆயில் பால் நிறமாகும். இவர் சொல்லும் அடையாளம் அதற்கு நேர் எதிர்.

தம்பி, கூலரைக் கழற்றி ஒரு நீர்வாயை ரப்பர் அடைப்பான் வைத்து மூடு. மற்றதில் டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் மெதுவாக 1 பார் வரை ஏற்றி, வெதுவெதுப்பான நீரில் முக்கு. ஆயில் துளை வழியாகக் குமிழி வந்தால் வேறு சாட்சி தேவையில்லை. வராவிட்டால் ரேடியேட்டரின் வாய்ப்பகுதியில் நீலத் திரவம் வைத்து எரிப்பு வாயுச் சோதனை செய்ய மெக்கானிக்கிடம் சொல். அந்தத் திரவம் மஞ்சளானால் எரிப்பு அறையின் வாயு கூலண்டுக்குள் வருகிறது. ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். மாறாவிட்டாலும் கேஸ்கெட்டின் ஆயில் துளையோரம் மட்டும் போயிருக்கலாம் என்பதை மறக்காதே.

கேட்டவர்

கூலரை நீரில் அமிழ்த்திய சில நொடிகளில் ஆயில் பக்கத் துளையிலிருந்து மணிமணியாகக் குமிழி வந்தது அண்ணா, விடாமல். புதிய கூலருக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். உள்ளே படிந்த ஆயிலை எப்படி எடுப்பது?

பதில்

நல்லது. பழைய கூலண்டை முழுக்க வடித்துவிட்டு, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான நுரை வராத பொடியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்று. தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் வரை என்ஜினை ஓடவிட்டு, ஆறியதும் வடி. நீர் தெளியும் வரை திரும்பச் செய். பிறகு வெறும் நீரால் நன்றாக அலசு. பொடி தங்கினால் அலுமினியத்தை அரிக்கும். ஹோஸ்களை அழுத்திப் பார். ஆயில் பட்ட ரப்பர் ஊதித் தொளதொளத்திருந்தால் மாற்றிவிடு. புதுக் கூலருக்குப் புது ஓரிங் (ரப்பர் வளையம்) போட்டு, நடு போல்ட்டை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவில் இறுக்கு. என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று: வண்டியை நிறுத்திய பின் ஆயில் அழுத்தம் போய்விடும், சூடான கூலண்டின் அழுத்தம் நிற்கும், அந்த நேரத்தில் நீர் ஆயிலுக்குள் போயிருக்கலாம், பேரிங்குக்கு அது விஷம். முதல் சில ஓட்டங்களில் தொட்டியில் லேசான படலம் தெரியலாம், மீந்ததுதான். நாளுக்கு நாள் கூடினால் மட்டும் ஹெட் பக்கம் போ.