நெல்லைப் பக்கம் புதிதாக வந்து வேலை தேடியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அவிநாசிப் பொண்ணு:

திருப்பூரில் இருந்தவரை வேலை தேடுவது என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. பனியன் கம்பெனி கேட்டிலேயே 'ஆட்கள் தேவை' போர்டு தொங்கும். கணக்கு எழுதும் டேலி சாப்ட்வேர் தெரியும், பில் போடுவேன் என்றால் மறுநாளே சீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரருக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றல் வந்தபோது அதே நினைப்போடுதான் பெட்டி கட்டினேன்.

இங்கே சங்கதி வேறு. பாளையில் தடுக்கி விழுந்தால் ஒரு காலேஜ். செயின்ட் ஜான்ஸ் 1878, சேவியர்ஸ் 1923 என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டதாரிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிற ஊர். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-லிருந்து இருக்கிறது. பி.காம். இல்லாத வீடு இல்லை. கணக்கு எழுத ஆள் வேண்டும் என்கிற இடங்களோ வண்ணாரப்பேட்டையிலும் டவுன் ரத வீதிகளிலும் கொஞ்சம்தான். பிறகு சம்பளம் எப்படி ஏறும்? திருப்பூரில் வாங்கியதில் பாதியைச் சொன்னார்கள், அதையும் ஏதோ சலுகை மாதிரி.

ஒரு கடை முதலாளி என் பயோடேட்டாவைப் பிரிக்கவே இல்லை.

"சொந்த ஊரு எதும்மா?"

"அவிநாசிங்க."

"அவிநாசில எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"சாருக்கு எந்த ஊரு?"

அதையும் சொன்னேன்.

"சரி, இங்க உங்களுக்கு ஆளு யாரு இருக்காவ?"

பேச்சு எங்கே போகிறது என்று புரியாமல் இல்லை. சாதியை வாய்விட்டுக் கேட்காமல் ஊரைக் கேட்டுக் கண்டுபிடிப்பது. எங்கள் பக்கமும் இது உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியில் வேறொன்றும் இருந்தது. கல்லாவும் கணக்கும் கையில் வரும் வேலை. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யாரைப் போய்க் கேட்பது? உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் சித்தப்பா பெயரைச் சொல்வாள். நான் யாரைச் சொல்ல?

நடுவில் ஒரு கன்சல்டன்சி பதிவுக் கட்டணம் கேட்டது. ஆர்டர் கைக்கு வரட்டும், தருகிறேன் என்றேன். அதோடு சரி.

வழி காட்டியது வீட்டு ஓனரம்மா. அவர் அண்ணன் மகன் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருந்தார். ஜிஎஸ்டியில் விற்பனை விவரம் சொல்கிற ஆர்-1 படிவம் மாதம் 11-ஆம் தேதிக்குள், வரியைக் கணக்குக் காட்டிக் கட்டுகிற 3பி படிவம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். அந்த நாட்களில் மட்டும் ஆபீஸ் திணறும், மற்ற நாளில் ஈ ஓட்டும். 'முழு நேர வேலை வேண்டாம் சார், 20-ஆம் தேதி வரைக்கும் வருகிறேன், அதற்கு மட்டும் கொடுங்கள்' என்றேன். முழுச் சம்பளத்துக்கு ஆள் வைக்க யோசிப்பவர்கள் இதற்கு உடனே தலையாட்டினார்கள்.

கடைக்காரர்கள் பில்லை மஞ்சப்பையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். சிலதில் எண்ணெய்க் கறை, சிலதில் பின்பக்கம் பால் கணக்கு. 14-ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வந்ததும் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்க்க வேண்டும், சப்ளையர் ஏற்றாத பில்லுக்கு வரிக்கழிவு கிடையாது. ஒரு ஹார்டுவேர் கடை அண்ணாச்சிக்கு மாதாமாதம் இரண்டு மூன்று பில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. தேடிப் பார்த்தால், சப்ளையர் அவற்றைப் பாகம் பிரிந்துபோன தம்பி கடையின் ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாததால் இது வெளியே வரவே இல்லை! அந்த அண்ணாச்சி கடையில்தான் இப்போது முழு நேரமாகக் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் இன்னும் திருப்பூர் அளவுக்கு வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ராதாபுரம் மாப்பிள்ளை:

அக்கா சொன்ன 'ஆளு யாரு' எங்கள் தொழிலிலும் உண்டு. நான் சிவகங்கைக்காரன். வளைகுடாவில் பைப் வெல்டராக இருந்துவிட்டு மாமனார் ஊருக்கு வந்து சேர்ந்தேன். மாமனார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு வேலை தேடுகிற சுகம் கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

கூடங்குளத்தில் 3-லிருந்து 6 வரை நான்கு அணு உலைகளின் கட்டுமான வேலை நடக்கிறது, வெல்டருக்கு என்ன குறை என்று நினைத்துத்தான் வந்தேன். எல்லாம் கான்ட்ராக்டர் கையில். வடக்கேயிருந்து மொத்தமாக ஆள் இறக்குகிறார்கள். நிலம் கொடுத்த ஊர்க்காரர்களே எங்களுக்கு வேலை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது என்னை யார் சேர்ப்பார்கள்? உள்ளூர்க்காரனுக்கு நான் வெளியூர், கான்ட்ராக்டருக்கு நான் உள்ளூர். வெல்டிங் டெஸ்டுக்குப் பெயர் கொடுக்கவே ஒரு சூப்பர்வைசர் தெரிந்திருக்க வேண்டும். மச்சினன் மூலமாகத்தான் அது நடந்தது.

வெளிநாட்டு சர்டிபிகேட்டை யாரும் புரட்டவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, கம்பெனி மாறினால் புதிதாக டெஸ்ட் கொடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். எனக்கு வைத்தது 6ஜி டெஸ்ட். 6ஜி என்றால் பைப்பை 45 டிகிரி சாய்த்து இறுக்கிவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றி வளைய வேண்டும். அடிப்பக்கம் ரூட், அதாவது முதல் அடுக்கு வெல்டு, போடும்போது பொறி காலருக்குள் இறங்கும். அந்த நேரம் கை ஆடினால் முடிந்தது. அப்புறம் எக்ஸ்ரே எடுப்பார்கள், உள்ளே சரியாக உருகாத இடம் இருந்தால் பிலிமில் தெரிந்துவிடும்.

தேறிவிட்டேன். ஆனால் உள்ளே போக பாஸ் வேண்டும், பாஸுக்கு போலீஸ் விசாரணைச் சான்று வேண்டும். என் ஆதாரில் முகவரி சிவகங்கை. அங்கே போனால் 'நீ இப்போது இங்கே இல்லையே' என்றார்கள், இங்கே கேட்டால் 'நீ இந்த ஊரே இல்லையே' என்றார்கள். அது முடிகிறவரைக்கும் மச்சினனின் டைல்ஸ் கடையில் லோடு இறக்கினேன். வந்து இறங்கியதும் முகவரியை மாற்றிவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

மேலப்பாளையம் தங்கச்சி:

முகவரி மாற்றும்போது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் இந்த மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பதிவு மூப்பு போகாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அதோடு, அந்த அலுவலகத்தில் தனியார் வேலை முகாம் அவ்வப்போது நடத்துவார்கள், கட்டணம் கிடையாது. வருகிற கம்பெனிகளில் இன்சூரன்ஸ், கடன் வசூல் மாதிரி பீல்டு வேலை நிறைய இருக்கும். பெட்ரோல் யார் செலவு என்பதை முதலிலேயே கேளுங்கள். கங்கைகொண்டான் சிப்காட் பக்கமும் பாருங்கள், அங்கே டாடாவின் சோலார் ஆலையில் பெண்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். எங்கள் தெருவில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்க, மகள் அந்த வேலைக்குப் போகிற வீடு இருக்கிறது. ஷிப்ட் வேலை, நைட்டும் வருமாம். வீட்டில் பேசிவிட்டுப் போங்கள்.

அவிநாசி அக்கா, உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் 20-ஆம் தேதி வரை ஆள் எடுக்கிறார்கள் என்றால் என் தங்கையும் பி.காம்.தான், டேலி முடித்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்வீர்களா?