எஃப்3 அடுக்கு: தரையிலிருந்து பார்த்தால் ஏன் தெரிவதில்லை?

பட்டர்வொர்த்_அலை:
வணக்கம். அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வுக்குப் படிக்கிறேன். அயனி மண்டலத்துக்கு (வளிமண்டலத்தின் மேலே, ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் மின்னேற்றப் பகுதி) டி, இ, எஃப்1, எஃப்2 என்று நான்கு அடுக்குகள்தான் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் தலைக்கு மேலே, எஃப்2-ஐயும் தாண்டி எஃப்3 என்று ஒன்று பகலில் உருவாகிறது, செயற்கைக்கோள்கள் அதை நிறையப் பார்த்திருக்கின்றன என்று ஓரிடத்தில் படித்தேன். தரையிலிருந்து ரேடியோ அலையை மேலே அனுப்பி இத்தனை காலமாக அளக்கிறார்களே, அவர்கள் கண்ணில் ஏன் படவில்லை?

பிரிக்பீல்ட்ஸ்_இயற்பியல்:
சில நேரம் படும், பல நேரம் படாது தம்பி. உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுனிலிருந்து பார்த்தால் கொடிமலை தெரியும், அதற்குப் பின்னால் அதைவிடக் குட்டையாக ஒரு குன்று இருந்தால் தெரியாது, மலைக்கு மறுபுறம் பாலிக் பூலாவ் பக்கம் போனால்தான் தெரியும். இங்கே உயரத்துக்குப் பதில் எலக்ட்ரான் அடர்த்தி. ஒரு கன மீட்டரில் ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் இருந்தால் செங்குத்தாகப் போகும் அலை சுமார் 9 மெகாஹெர்ட்ஸ் வரை திரும்பி வரும், அதற்கு மேற்பட்ட அலை ஊடுருவிப் போய்விடும். எஃப்3-இன் அடர்த்தி எஃப்2-ஐ விடக் குறைவாக இருந்தால், எஃப்2-ஐத் துளைத்துக்கொண்டு போகிற அலை எஃப்3-ஐயும் துளைத்துவிடும். எதுவும் திரும்பாது. எஃப்3 அடர்த்தி அதிகமாக இருந்தால் மட்டும் தரையில் தெரியும்.

உருவாகும் விதம்தான் அழகு. காந்த நடுக்கோட்டில் பூமியின் காந்தப்புலம் படுக்கையாக வடக்கு நோக்கி இருக்கிறது, பகலில் மின்புலம் கிழக்கு நோக்கி இருக்கிறது, இரண்டும் சேர்ந்து பிளாஸ்மாவை, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயுவை, மேலே தூக்குகின்றன. காலையில் இருந்த எஃப்2 உச்சி அப்படியே 500 கிலோமீட்டருக்கும் மேலே ஏறிவிடும், அது விட்டுப்போன இடத்தில் சூரிய ஒளி புதிதாக அயனிகளை உண்டாக்க, இன்னொரு எஃப்2 வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே போன பழைய உச்சிதான் எஃப்3. ஏற ஏற அடர்த்தி குறைந்து, காந்தக் கோடுகள் வழியாக வடக்கும் தெற்கும் வழிந்து இறங்கிவிடும். அதனால் தரையில் முதலில் தெரிந்து அப்புறம் மறைவதும் உண்டு.

ஈப்போ_ஆன்டெனா:
அருமையான விளக்கம் சார். ஒரு சந்தேகம், அது பழைய எஃப்2-தானே? தனி அடுக்கு என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸ்_இயற்பியல்:
நியாயமான கேள்வி. 1990களில் பாலன், பெய்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணினி மாதிரியை வைத்து இதை முன்கூட்டியே சொன்னபோது 'ஜி அடுக்கு' என்றுதான் பெயரிட்டார்கள். அங்கேயும் எஃப்2 போலவே ஆக்சிஜன் அயனிகள்தான் அதிகம் என்பதால் எஃப்3 என்று பிறகு மாற்றினார்கள். தனி உச்சியாக நிற்கிறது, ரேடியோ அலையைத் திருப்புகிறது, அதனால் தனிப்பெயர் சரி என்பது என் கருத்து.

மேலிருந்து கீழே அலை அனுப்பிய முதல் செயற்கைக்கோள் கனடாவின் அலுவெட் 1, 1962 செப்டம்பரில் ஏவப்பட்டது. சுமார் 1000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தபோது, நிலநடுக்கோட்டுப் பகுதியில் எஃப்2-க்கு மேலே படிக்கட்டு மாதிரி விளிம்புகள் பதிவாயின. அன்று அதற்கு எஃப்3 என்ற பெயர் கிடையாது. 2006-இல் ஏவிய ஆறு காஸ்மிக் செயற்கைக்கோள்கள் வேறு வழி: ஜிபிஎஸ் அலை அயனி மண்டலத்தைக் குறுக்கே கடந்து வரும்போது ஏற்படும் மாற்றத்திலிருந்து அடர்த்தியைக் கணக்கிடுவது. உலகம் முழுக்கத் தரவு கிடைக்கும், ஆனால் அலை படுக்கையாக வெகு தூரம் வருவதால் நுணுக்கமான அடுக்கு மழுங்கிப்போகலாம். மேலிருந்து நேராக அலை அனுப்பி எடுத்த பதிவையே நான் அதிகம் நம்புவேன்.

பட்டர்வொர்த்_அலை:
மிக்க நன்றி சார், இப்போதுதான் பிடிபட்டது. நம் ஊர் வானத்தில் எப்போது எதிர்பார்க்கலாம்?

ஈப்போ_ஆன்டெனா:
இதற்கு நான் சொல்கிறேன். காலைக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் அதிகம். ஆனால் அது சூரிய நேரம். நம் மலேசியக் கடிகாரம் முன்னால் ஓடுகிறது, சூரியன் உச்சிக்கு வரும்போது இங்கே மணி ஒன்றேகால் ஆகிவிடும், அதனால் ஆய்வுக் கட்டுரையில் சூரிய நேரம் பத்து மணி என்று இருந்தால் நீங்கள் பதினொன்றேகால் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காந்த நடுக்கோடு தெற்குத் தாய்லாந்துக்கு மேலே போகிறது, பினாங்கிலிருந்து சில நூறு கிலோமீட்டர்தான்.