புகையிலையில் இலை மஞ்சள், ஊடுபயிர் வெங்காயம்தான் காரணமா? அவசரம்

பள்ளிக்கரணைவாசி: வேடசந்தூர் பக்கம் அப்பாவின் ஒன்றரை ஏக்கர். புகையிலை, நடுவில் சின்ன வெங்காயம். இலையெல்லாம் மஞ்சளாகிறது. உரம் வைத்தாயிற்று. இன்று ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிறேன், வாங்கிப் போக மருந்துப் பெயர் சொல்லுங்கள்.

கிணற்றடி: அடியிலையா, கொழுந்தா? நட்டு எத்தனை நாள்? என்ன உரம், எவ்வளவு? படம் எங்கே?

அம்பத்தூர் மாடித்தோட்டம்: என் கத்தரிக்கு இப்படி ஆனபோது புகையிலைக் கரைசல் தெளித்தேன், சரியாகிவிட்டது.

கிணற்றடி: புகையிலைக்கே புகையிலைக் கரைசலா அக்கா!

கரூர்க்காரன்: வேர்முடிச்சு நூற்புழு. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். போன வருஷம் அங்கே மிளகாயோ கத்தரியோ இருந்ததென்றால் சந்தேகமே வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம்.

மண்வெட்டி: எத்தனை தடவை எழுதினாலும் பழைய இழையைத் தேடிப் படிக்க ஒருவருக்கும் நேரமில்லை. தம்பி, அடியிலை முழுக்கச் சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் வெளுத்தால் மக்னீசியம். அதுவே கொழுந்தில் வந்தால் இரும்பு. இது தெரியாமல் மருந்துக்கடையில் போய் நின்றால், விற்காமல் தேங்கியதைத் தலையில் கட்டுவார்கள்.

பள்ளிக்கரணைவாசி: அப்பாவிடம் போனில் கேட்டேன். 45 நாள் பயிர். அடியிலைதான், நரம்பு பச்சை. மணல் கலந்த செம்மண், மூன்று வாரம் முன்பு நல்ல மழை. புகையிலைக்கு 17:17:17 கூட்டு உரம் போட்டாராம். அப்புறம் வெங்காயத்துக்கென்று தனியாகப் பொட்டாஷ் இரண்டு மூட்டை.

கிணற்றடி: இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! வெங்காயத்துக்கு வைத்ததைப் புகையிலை வேர் தொடாமலா இருக்கும்? பொட்டாஷ் மிஞ்சினால் செடியால் மக்னீசியத்தை எடுக்க முடியாது. இருந்த கொஞ்சமும் மழையில் மணல் வழியே கீழே இறங்கியிருக்கும். லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட், சாயங்காலம் தெளியுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. வெளுத்த இலை முழுசாகத் திரும்பாது, மேலே ஏறாமல் நின்றால் போதும். வேடசந்தூரிலேயே புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இரண்டு இலையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மண்வெட்டி: பொட்டாஷ் என்றால் எந்த வகை, மியூரியேட்டா, சல்பேட்டா? மியூரியேட்டில் குளோரைடு உண்டு. குளோரைடு ஏறிய இலை சரியாக எரியாது.

கரூர்க்காரன்: அது சிகரெட் இலைக்கு அண்ணே. இது வெற்றிலையோடு வாயில் போடுவது, எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? அந்தப் பக்கம் உப்புக் கிணற்றுத் தண்ணீரிலேயே விளைகிறது.

மண்வெட்டி: அதற்காக மூட்டை மூட்டையாகக் கொட்டச் சொல்கிறீர்களா?

அடையாறு வாசகர்: வாய்ப் புற்றுநோய்க்கு இத்தனை பக்குவமா? குட்காவை 2013லேயே தடை செய்தார்களே.

கரூர்க்காரன்: தடை குட்காவுக்கு, பயிருக்கு இல்லை. உப்புத் தண்ணீரில் வேறு எதை வைத்தால் கடன் அடையும், அதையும் அடையாறிலிருந்தே சொல்லிவிடுங்கள்.

அடையாறு வாசகர்: கடன் அடைந்தால் யார் வாய் புண்ணானாலும் சரி என்கிறீர்கள்.

அம்பத்தூர் மாடித்தோட்டம்: மக்னீசியம் சல்பேட் என்பது எப்சம் உப்புதானே? ரோஜாவுக்கு வாங்கியதில் அரை கிலோ மீதி இருக்கிறது, தரவா?

கிணற்றடி: அது 50 லிட்டருக்குத்தான் வரும் அக்கா. ஒன்றரை ஏக்கருக்கு மூன்று கிலோவாவது வேண்டும்.

பள்ளிக்கரணைவாசி (ஐந்து நாள் கழித்து): தெளித்தாயிற்று. வேரில் முடிச்சு இல்லை. வெங்காயம் ஜோராக இருக்கிறது. திரும்பி வரும் வழி, செங்கல்பட்டில் வண்டி நகரவில்லை, படம் அப்புறம் போடுகிறேன்.

மண்வெட்டி: மியூரியேட்டா சல்பேட்டா என்று கேட்டேனே?