மழைக்குத் தோல் ஜாக்கெட்: குரோமா, பட்டைத் தோலா?

ஈசிஆர்_பைக்:
புதுச்சேரி–கடலூர் தினமும் பைக்லதான். ஐப்பசி மழைக்கு முன்னாடி தோல் ஜாக்கெட் எடுக்கணும். குரோம் தோல்னா தண்ணி ஏறாதுன்னு கடையில சொல்றாங்க. பட்டைத் தோலும் வச்சிருக்காங்க. எது எடுக்கலாம்? தையல் வழியா இறங்குற தண்ணிக்கு என்ன வழி?

பதனிடும்_தொட்டி:
கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. குரோம் உப்பு போட்டுப் பதனிட்டா தோல் அழுகாது, சூட்டுக்குச் சுருங்காது. நல்லா குரோம் ஏறின தோல் கொதிநீரையே தாங்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட பட்டைத் தோல் 80 டிகிரி பக்கத்துலயே சுருங்கிடும். ஆனா மழையைத் தடுக்கிறது அது இல்லைங்க. தோல் நாருக்குள்ள ஏத்துற எண்ணெயும் மேல அடிக்கிற பூச்சும் (ஃபினிஷ்)தான். வழக்கமா போடுறது தண்ணியோட கலக்குற சல்ஃபேட் எண்ணெய். தோல் மெத்துனு இருக்கும், மழைத் தண்ணியையும் அதுவே உள்ள இழுக்கும். மழைத் தோலுக்கு சிலிக்கோன் கலந்த எண்ணெய் ஏத்தி, கடைசியா குரோம் உப்பால அதை நிலைநிறுத்தணும்.

வாங்கும்போது காலருக்கு அடியில ஒரு சொட்டு தண்ணி விடுங்க. ஒரு நிமிஷத்துல கருத்துப் பரவினா அனிலின் (நிறப்பூச்சு இல்லாம சாயம் மட்டும் ஏத்தின தோல்), மழைக்கு ஆகாது. முத்தா நின்னா பிக்மென்ட் ஃபினிஷா (மேல நிறப்பூச்சு அடிச்சது) இருக்கும். முழங்கை இடத்தை நல்லா மடிச்சும் பாருங்க, ஃபினிஷ் வெடிச்சிருந்தா தண்ணி அங்கதான் ஏறும்.

பட்டைத் தோல் வேண்டாம். நனைஞ்சா சாறு கசிஞ்சு சட்டையில பழுப்புக் கறை விழும், இரும்பு பட்டன் பட்ட இடம் கருப்பாகிடும்.

தையல்_மிஷின்:
தோல்ல விழுந்த ஊசித் துளை துணி மாதிரி மூடிக்காது. அதனால தோள்பட்டைத் தையல்தான் முதல்ல ஒழுகும். பாலியெஸ்டர் நூலான்னு கேளுங்க, பருத்தி நூல் தண்ணியை உறிஞ்சி உள்ள கடத்தும். தேன்மெழுகைத் தையல் மேல தேய்ச்சு, விரல் சூட்டுல அழுத்தி, மிச்சத்தைத் துணியால துடைச்சிடுங்க. ஸ்வேட்ல (மேல பொடிமுடி மாதிரி இருக்கிற தோல்) மெழுகு கூடாது, முடி ஒட்டிப் பாழாகிடும். ஜிப்புக்குப் பின்னால அகலமான தோல் மடிப்பு இருக்கிற ஜாக்கெட்டா எடுங்க.

உப்புக்காத்து:
நனைஞ்சு வந்ததும் ஈரத் துணியால ஒருதடவை துடைங்க. கடல் உப்பு தங்கினா தோல் ஈரம் இழுத்துக்கிட்டே இருக்கும். அகலமான ஹேங்கர்ல, நிழல்ல, ஃபேன் காத்துல காயட்டும். வெயில், ஹேர் டிரையர் வேண்டாம், விறைச்சிடும். அரை ஈரத்தோட பீரோவுல வச்சா பூஞ்சணம் நிச்சயம். புயல் மழைன்னா எந்தத் தோலும் தாங்காது, மேல ரெயின்கோட் போட்டுக்கோங்க.