தீபாவளி அலைச்சலுக்கு நடுவே மகிழ்ச்சியை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறீர்கள்?

கேள்வி: தாம்பரம்வாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் சென்னையில் வேலை பார்க்கிறோம். புகுந்த வீடு மன்னார்குடிப் பக்கம், பிறந்த வீடு மதுரை. பண்டிகைக்கு 60 நாட்கள் முன்னதாக, ரயில் முன்பதிவு திறக்கும் காலை 8 மணிக்கே எங்கள் வீட்டில் தீபாவளிப் பரபரப்பு தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு இரு வீட்டாருக்கும் துணி எடுப்பது, நாத்தனாருக்குச் சீர், அலுவலகத்தில் விடுப்பு, பலகாரம், பட்டாசு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பண்டிகையன்று காலைச் சிற்றுண்டி முடிவதற்குள் அனைவரும் களைத்து ஆளுக்கொரு கைப்பேசியுடன் உட்கார்ந்துவிடுகிறோம். பண்டிகையே வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். என் சிறு வயதில் அந்த நாளுக்காக எப்படிக் காத்திருந்தேனோ, அப்படி என் பிள்ளைகளும் காத்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை. நீங்கள் எதை விட்டுவிட்டீர்கள், எதை விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: காவிரிக்கரைப் பாட்டி

அம்மா, எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலை எண்ணெய்க் குளியலை மட்டும் அவசரக் குளியலாக்கிவிடாதீர்கள். முதல் நாள் மாலையே தவலையைத் துலக்கி, மஞ்சள் குங்குமம் இட்டு நீர் நிரப்பி வைத்துவிட்டால் காலையில் பதற்றம் இருக்காது. நல்லெண்ணெயில் நாலைந்து மிளகும் ஒரு வெற்றிலையும் போட்டுக் காய்ச்சி, பொறுக்கும் சூடு வந்ததும் பிள்ளைகளை மணையில் உட்காரவைத்து, வீட்டில் மூத்தவர் உச்சியில் வைத்துத் தேய்க்க வேண்டும். சீயக்காய் கண்ணில் பட்டு எரிகிறது என்று சின்னவன் கத்துவான், பெரியவள் சிரிப்பாள். கையெல்லாம் எண்ணெயாக இருக்கும் அந்த நேரத்தில் கைப்பேசியை யாரும் தொட முடியாது என்பதையும் கவனியுங்கள். குளித்து வந்தவுடன் ஆளுக்கு ஒரு உருண்டை லேகியம். சுக்கும் மிளகும் ஓமமும் தொண்டையில் இறங்கும்போது அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்!

பலகாரங்களைக் கடையில் வாங்குவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றையாவது வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து செய்யுங்கள்.

பதில்: ஜவுளிக்கடை ஊழியன்

தியாகராய நகரில் துணி விற்பனையில் இருக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே நாளில் குடும்பம் முழுவதற்கும் துணி எடுத்துவிட வேண்டும் என்று வருபவர்கள், மதியத்துக்குள் ஒருவரோடொருவர் பேசாமல் நிற்பதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். குழந்தை தூக்கத்துக்கு அழும், பெரியவருக்கு உட்கார இடம் இருக்காது, பிடித்த நிறத்தில் அளவு கிடைக்காது. புரட்டாசியிலேயே, வேலை நாள் ஒன்றின் காலையில் வந்தால், நாங்களும் நிதானமாகப் பத்துச் சேலைகளை விரித்துக் காட்டுவோம்.

பண்டிகைக்கு முந்தைய நாள் நள்ளிரவு வரை எங்களுக்கு வேலை இருக்கும். ஊருக்குப் போக முடியாத ஆண்டுகளும் உண்டு. ஆனாலும் அன்று கடை அடைக்கும் நேரத்தில், என் மகளுக்கென்று சக ஊழியர் ஒருவர் எடுத்து ஒதுக்கி வைத்திருந்த அரக்கு நிறப் பாவாடையைக் கையில் கொடுக்கும்போது, நின்று நின்று வீங்கிய கால் வலி மறந்துபோகும். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவோம். எனக்குத் தீபாவளி அங்கேயே தொடங்கிவிடும்.

பதில்: கோவைக் குடும்பத்தலைவன்

பாட்டி சொன்னவற்றை மதிக்கிறேன். ஆயினும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வெந்நீர் வைப்பவர் யார், எண்ணெய்ச் சட்டி முன் நிற்பவர் யார்? அந்த வேலை முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தால், மற்றவர்கள் அனுபவிக்கும் மகிழ்ச்சிக்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்றே பொருள். எங்கள் வீட்டில் முறுக்குப் பிழிவதும் வெந்நீர் வைப்பதும் என் பொறுப்பு.

சகோதரியின் களைப்புக்குப் பெரும் காரணம் இரண்டு ஊர்ப் பயணமும் சீர்க் கணக்கும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓர் ஆண்டு புகுந்த வீடு, மறு ஆண்டு பிறந்த வீடு என்று இரு வீட்டாரிடமும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். முதல் முறை மனத்தாங்கல் வரத்தான் செய்யும். சீருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து, அதற்கு மாதந்தோறும் சீட்டுக் கட்டிவிட்டால், போனஸ் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் அனுமதி என்று ஆனதில், நான் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு நேரத்தில் வெடிப்பார்கள். இப்போது இரவு 7 மணிக்கு எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளும் எதிர்வீட்டுக்காரர், தம் சங்குசக்கரத்தை எங்கள் பிள்ளைகளைக் கொண்டு பற்றவைக்கிறார்.

கேள்வி கேட்டவர்: தாம்பரம்வாசி

அனைவருக்கும் நன்றி. இவ்வாண்டு மன்னார்குடி மட்டும்தான் என்று கணவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். மதுரையில் அம்மாவிடம் நானே பேசுகிறேன். மாமியார் கேதார கௌரி நோன்பு நோற்பவர், நைவேத்தியத்துக்கு 21 அதிரசம் வைப்பார். எனவே நாங்கள் எல்லோருமாகச் செய்வது அதிரசமாகவே இருக்கட்டும். பாட்டி, பாகு பதம் எப்படிப் பார்ப்பது?

பதில்: காவிரிக்கரைப் பாட்டி

கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விட்டால் அது கரையாமல் நின்று, விரலால் மெத்தென்று உருட்ட வர வேண்டும். கல் போல் இறுகினால் பதம் தாண்டிவிட்டது. பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே அரைத்துச் சலித்த மாவைப் பாகில் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறுங்கள். ஏலக்காயும் சுக்கும் போட மறக்காதீர்கள். பிசைந்த மாவை ஒரு நாள் மூடி வைத்து மறுநாள் சுடலாம். ஆகவே முதல் நாள் கிளறும் வேலை உங்களுக்கு, மறுநாள் தட்டும் வேலை பிள்ளைகளுக்கு. தீ மிதமாகவே எரியட்டும். எடுத்ததும் இரண்டு கரண்டிகளுக்கு இடையே வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிய நல்ல கைவலு வேண்டும். அதை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.