சப்ஜெக்ட் லைன்: ‘பொருள் வரி’யா, ‘பொருட்குறிப்பா’?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்னஞ்சல் எதைப் பற்றியது என்று மேலே காட்டும் ‘சப்ஜெக்ட் லைன்’ என்பதற்குப் ‘பொருள் வரி’ என்று எழுதிவருகிறோம். அலுவலகக் கடிதத்துக்கு அது சரி. விற்பனை மடல்களைப் பற்றி எழுதும்போதுதான் இடிக்கிறது. “நல்ல பொருள் வரி விற்பனையைக் கூட்டும்” என்று எழுதிப் பாருங்கள். சரக்குக்குப் போடும் வரியைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது! ‘தலைவரி’ என்றாலும் இதே சிக்கல். அது ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய பழைய வரி. ‘தலைப்பு’ எளிய சொல். ஆனால் அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் அடங்கிய ஹெடர் பகுதியையும் தலைப்பு என்றே எழுதிவிடுகிறோம்.

என் பரிந்துரை: பொருட்குறிப்பு. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5322 என்ற மின்னஞ்சல் தர ஆவணமும், மடல் எதைப் பற்றியது என்று காட்டும் சிறு எழுத்துச் சரம் என்றுதான் இதை விளக்குகிறது. குறிப்பு என்றாலே சுருக்கம். உள்ளே இருப்பதை உணர்த்த வேண்டும், எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடக் கூடாது என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்தச் சுருக்கம் இன்னும் முக்கியம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். கைபேசித் திரை வெட்டுவதும் கடைசியைத்தான். “எங்கள் வாசகர்களுக்காகத் தயாரித்துள்ள புதிய பயிற்சி நாளை தொடங்குகிறது” என்று அனுப்பினால், “எங்கள் வாசகர்களுக்காகத் தயாரி…” என்று நின்றுவிடலாம். எது, எப்போது, இரண்டும் போச்சு. “நாளை தொடக்கம்: புதிய பயிற்சி” என்றால் பாதி வெட்டுப்பட்டாலும் சேதி போய்ச் சேரும்.

அப்புறம், மடலைத் திறக்கும் முன்பே பட்டியலில் இதை ஒட்டி மங்கலான எழுத்தில் வரும் பிரீஹெடர். அதைத் ‘தொடர்குறிப்பு’ எனலாமா? அதைத் தனியாக எழுதாமல் விட்டால், மடலின் முதல் எழுத்துகளை மென்பொருளே எடுத்துப் போட்டுக்கொள்ளும். அழகான பொருட்குறிப்புக்குப் பக்கத்தில் “மடல் சரியாகத் தெரியவில்லையா? உலாவியில் திறக்க” என்று நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. பொருட்குறிப்பு சொன்னதையே திருப்பிச் சொல்லாமல், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய வரி அது. பெயரிலேயே அந்த வேலை தெரியட்டும் என்றுதான் ‘தொடர்’.

‘ட்கு’ வாயில் நுழையுமா என்று யாராவது கேட்கலாம். ‘உட்குறிப்பு’ நுழைகிறதே. தொடர்குறிப்புக்கு இதைவிட நல்ல சொல் தந்தால் மாற்றிக்கொள்கிறேன். பொருட்குறிப்புக்கு மட்டும் வாதாடுவேன்.